லூபேமாலோவின் பல் யார் வாயில்?

ஆக்லாந்தில் குடும்பத்தோடு சுகமாயிருக்கும் என் மதிப்புக்குரிய தங்கை செலைனாவுக்கு, அண்ணன் லூபேமாலோ யோவானே எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி பெனினாவும் நலம். பன்றிகள் நலம். சேப்பங்கிழங்கு இந்த முறை நன்றாக இறங்கியிருக்கிறது. உங்கள் வீட்டில் எல்லோரும், உன் கணவரின் முழங்கால் உட்பட, நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

கூடப்பிறந்தவளிடம் அண்ணன் குரலை உயர்த்தக் கூடாது என்பது நம் வழக்கம். போனில் பேசினால் உயர்ந்துவிடும், அதனால்தான் கடிதம். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உன் வயிற்றில் பிறந்து, பல் டாக்டராகி, நம் தலைநகர் ஆப்பியாவில் கிளினிக் நடத்துகிறாளே மரேத்தா, அவள்மேலும் பெரிதாக இல்லை. அவள் வாங்கி வைத்திருக்கிற அந்தக் கம்ப்யூட்டர்மேல்தான். அதைக் கடலில் போடச் சொல்.

என் முன்பல் நான்கு போனது உனக்குத் தெரியும். குடும்பத்துக்காகக் கோலை ஊன்றி நின்று பேசுவது நம் பட்டத்துக்காரர்களின் வேலை. பல் இல்லாதவன் பேசினால் சொல்லுக்கு முன்னால் காற்று வருகிறது. போன மாதம் ஊர்ச்சபையில் நான் வாயைத் திறந்ததும் பின்னால் யாரோ ஒருவன் சிரித்தான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, தங்கச்சி. பேச முடியாவிட்டால் நான் எதற்கு? போன சனிக்கிழமை புதுத் தேவாலயத் திறப்பு, சவாயி தீவிலிருந்து விருந்தாளிகள் வருவதாயிருந்தது. அன்று பேசவேண்டியது நானா, சித்தப்பா மகன் ஃபெரெத்தியா? அவனும் லூபேமாலோதான். லூபேமாலோ என்ற குடும்பப் பட்டத்தை இரண்டு கிளைக்கும் கொடுத்தது பெரியவர்கள் செய்த முடிவு, அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஒரே பட்டம், இரண்டு ஆள். ஊரில் இதில் யாருக்கும் குழப்பம் கிடையாது. ஒழுங்காகப் பேசுகிறவன் நான், மற்றவன் அவன்.

ஆகவே பல் கட்டிக்கொள்ளப் போனேன். தனியாகப் போகமுடியுமா, பெனினா, அவள் தம்பிகள் இருவர், போதகரின் மனைவி எல்லோரும் கூட வந்தார்கள். வாசலில் ஆளைக் காணோம், கண்ணாடித் திரை வைத்த ஒரு பலகைதான் நின்றது. அதில் விரலால் பெயரை எழுத வேண்டுமாம். எழுதினேன். 'லூபேமாலோ என்ற பெயர் ஏற்கெனவே உள்ளது. அது நீங்களா?' என்று கேட்டது. என்ன திமிர் பார்! நான் இல்லாமல் வேறு யார்? 'ஆம்' என்று ஓங்கி அழுத்தினேன். உள்ளே மரேத்தா, முன்பெல்லாம் அளவெடுக்க வாயில் மாவை வைத்து அமுக்குவார்களே, அதெல்லாம் இல்லாமல், பேனா மாதிரி ஒரு கேமராவை வாய்க்குள் விட்டாள். சுவரில் இருந்த டிவியில் என் வாய் ஒரு குகை அளவுக்குத் தெரிந்தது. ஊர்ப் பெரிய மனுஷன் வாயை இப்படியா நாலு பேருக்குத் திறந்து காட்டுவது? "ஏங்க, மத்தியானம் சாப்பிட்ட கீரை அங்கயே இருக்குங்க" என்கிறாள் பெனினா. போதகரின் மனைவி கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார்.

பல் வெள்ளிக்கிழமை தயார் என்றார்கள். போனேன். மரேத்தா பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்க வெளியூர் போயிருந்தாள். மேஜையில் பேப்பே என்று ஒரு பெண். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"உங்க பல்ல குடுத்தாச்சே ஐயா."

"யாருகிட்ட குடுத்தீங்க?"

"லூபேமாலோ ஐயாகிட்ட."

"நான்தாம்மா லூபேமாலோ!"

"அப்ப உங்ககிட்டதான் குடுத்திருக்கு."

"என் வாயப் பாரு பொண்ணே. இதுல பல்லு இருக்கா?"

"இல்லதான் ஐயா. ஆனா இங்க குடுத்தாச்சுன்னு பச்சையா காட்டுதே" என்று சொல்லிவிட்டு, பல் பிடித்திருந்தால் ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வானத்து நட்சத்திரம் எல்லாம் தெரிந்தது.

மறுநாள் திறப்பு விழா. யார் பேசுவது என்று எல்லோர் முன்னாலும் வாதாடித் தீர்க்க வழக்கம்போல நானும் ஃபெரெத்தியும் எழுந்தோம். அவனுக்கும் முன்பல் போய் நாளாகிவிட்டது, ஆனால் பல் கட்டக் கைக்காசைத் தொடுகிற ஆளா அவன்? அவன் வாயைத் திறந்தான். பளிச்சென்று நான்கு முன்பல். தங்கச்சி, என் பல்! எனக்கு வரவேண்டிய பல்லை எவன் வாயிலோ மாட்டி அனுப்பியிருக்கிறது உன் மகளுடைய கம்ப்யூட்டர்! "அது எம் பல்லுடா!" என்று கத்தினேன். காற்றுதான் வந்தது. ஃபெரெத்தி குழைவாக, "விடுங்கண்ணே, சவாயிக்காரங்க முன்னாடி நம்ம குடும்பம் விசிலடிக்கணுமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், போதகர் உட்பட. நான் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் விட்டுக்கொடுத்து உட்கார்ந்தது அன்றுதான்.

அவன் கோலை ஊன்றி ஆரம்பித்தான். விருந்தாளிகளின் மூதாதையர் பெயரைச் சொல்ல வாயை அகலமாகப் பிளந்தான் பார், பல்செட்டு பறந்துபோய் அவர்கள் மரியாதை செய்யக் கொண்டுவந்த, பட்டுப்போல மெல்லிய பாய்மேல் விழுந்தது. அடுத்தவன் பல் எப்படி நிற்கும்? நான் எழுந்துபோய் எடுத்தேன், இளநீரில் ஒரு முக்கு முக்கினேன், போட்டுக்கொண்டேன். அப்படியே உட்கார்ந்தது! சொந்தக்காரனைப் பல்லுக்குத் தெரியாதா? அவன் விட்ட பெயரிலிருந்து தொடங்கி ஒன்று பிசகாமல் சொல்லி முடித்தேன். சவாயிப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பாயையே எனக்குக் கொடுத்தார்கள். பெனினா மட்டும் காதோரம் வந்து, "ஏங்க, இன்னும் கொஞ்சம் கழுவியிருக்கலாம்ல" என்றாள்.

ஆகவே, மரேத்தாவிடம் கண்டித்துச் சொல். கம்ப்யூட்டரை நம்பி ஒருவன் பல்லை இன்னொருவனுக்குக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? உனக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் குறைவில்லாமல் தரட்டும். மரேத்தாவுக்கும் என் ஆசீர்வாதம். கம்ப்யூட்டருக்குக் கிடையாது.

உன் அண்ணன்,
லூபேமாலோ யோவானே

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மரேத்தா வந்தாள். கையில் ஒரு சின்ன டப்பா, உள்ளே நான்கு பல். "மாமா, ஃபெரெத்தி மாமாவும் எங்கிட்ட பல்லு கட்டினாரு. அவரு பேரு முன்னாடியே பதிஞ்சிருக்க, நீங்களும் 'நான்தான்'னு அமுக்கினா மெஷின் ஒரே ஆளுன்னு நெனச்சுக்காதா? அவரு வாங்கிட்டுப் போனது அவரோட பல்லுதான். உங்களோடது இத்தன நாளா அலமாரியில இருக்கு" என்றாள். ஆக, நான் வாயில் போட்டுப் பேசியது அவன் பல். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு, யாரிடமும் காட்டாதே. ஃபெரெத்தி விடாப்பிடியாக வாசலில் நின்று பல்லைக் கேட்கிறான். இந்தப் புதுப் பல்லைப் போட்டுப் பார்த்தேன், அவன் பல் அளவுக்கு எனக்குப் பொருந்தவில்லை. அந்தப் பலகை இன்னொரு முறை 'அது நீங்களா?' என்று கேட்குமா, 'ஆம்' என்று அழுத்தினால் அவன் பல் எனக்கே நிற்குமா என்று மரேத்தாவிடம் மெதுவாக விசாரித்துச் சொல்.