ரெட்டைத் தையல் போட்ட முட்டைப் பெட்டி

"இந்த வீட்டில ஒண்ணு நான் இருக்கணும், இல்லே அந்தக் கோழி இருக்கணும்!" என்றார் தையல்காரர்.

யாரை வைத்துக்கொள்வது என்று மனைவி யோசித்தாள். அவருக்கு முதல் அதிர்ச்சி அதுதான்.

கோழி செய்த குற்றம் லேசானதல்ல. அவருடைய துணிக்கூடையில் அடைகாக்க உட்கார்ந்துகொண்டு, அளவு கொடுக்க வந்த போலீஸ்காரர் கண்ணெதிரே தையல்காரர் கையைக் கொத்திவிட்டது. போலீஸ்காரர் சிரித்தார். கொத்தினதைக்கூட மன்னிக்கலாம். அந்தச் சிரிப்பை ஏழு ஜென்மத்துக்கும் மன்னிக்க முடியாது.

"குஞ்சு பொரிக்கத்தானே அதை வெச்சிருக்கே? நானே பொரிச்சுக் காட்டறேன். அப்புறம் அது எதுக்கு? வித்துடு."

"நீங்களா? மேலே உட்காந்தா?"

"மெஷின்லடி!"

"சரி. உங்க மெஷின்ல பொரிக்கலேன்னா கோழி உங்க கூடையிலேயே இருக்கும். சம்மதமா?"

"நூறு தடவை சம்மதம்!"

அன்றைக்கே தெர்மாகோல் பெட்டி, பல்பு, வெப்பமானி எல்லாம் வந்தன. கோழியின் அடியிலிருந்த பன்னிரண்டு முட்டைகளையும் எடுத்து, துணியில் கோடு போடும் சாக்கட்டியால் ஒரு பக்கம் புள்ளி வைத்தார். வேளை தவறாமல் புரட்டினார். பெற்ற பிள்ளையை அப்படிப் புரட்டிப் படுக்க வைத்ததில்லை.

மனைவி கோழியைத் துணி துவைக்கும் இடத்து மூலைக்கு மாற்றினாள். அது அங்கே காலி பட்டன் டப்பா மேல் உட்கார்ந்து வீம்புக்கு அடைகாத்தது. பகையாளி இருக்கும் திசையில் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை.

பதினெட்டாம் நாளுக்கு மேல் முட்டையைப் புரட்டவும் கூடாது, பெட்டியைத் திறக்கவும் கூடாது. யாராவது திறந்துவிட்டால்? காற்றுத் துளைகளை மட்டும் விட்டுவிட்டு, பெட்டிக்குக் கெட்டித்துணியில் உறை போட்டுச் சுற்றிலும் ரெட்டைத் தையல் அடித்தார். மூன்று நாளும் தையலைத் தடவிப் பார்த்தார். ஒரு இழை பிரியவில்லை. நிம்மதியில் சோறு இரட்டிப்பாக இறங்கியது.

"தயிர் கெட்டியா இருக்கே! பால்காரன் திருந்திட்டானா?"

"வெக்கிற இடத்தை மாத்தினேன்" என்றாள் மனைவி.

இருபத்தோராம் நாள். சாட்சிக்கு மச்சானை வரவழைத்தார். மச்சான் குனிந்து பார்த்தான்.

"மாமா, தையல் ரொம்ப நேரா இருக்கே. நீங்க போட்டதா?"

"பின்னே, உங்கப்பனா வந்து போட்டாரு?"

கத்தரித்தார். மூடியைத் தூக்கினார். உள்ளே இரண்டு சட்டித் தயிர்.

"அடியே! என் குஞ்செல்லாம் தயிராப் போச்சேடி!"

பின்னாலிருந்து கீச்கீச்சென்று சத்தம். கோழி நடந்து வந்தது. அதன் பின்னால் பதினோரு குஞ்சுகள். கடைசிக் குஞ்சின் முதுகில் ஒட்டியிருந்த ஓட்டுத் துண்டில் அவருடைய சாக்கட்டிப் புள்ளி.

"நீங்க தைச்சு முடிச்சு வெளியே போனதும் கரண்டு போயிடுச்சுங்க. மூணு மணி நேரம் வரலே. பெட்டி சில்லுன்னு ஆயிடுச்சு. உள்ளே உசிராச்சே, கோழிகிட்ட குடுத்துட்டேன். கரண்டு வந்ததும் திருப்பிக் கேட்டேன், கொத்த வந்துச்சு. சும்மா கிடக்கற சூட்டை வீணாக்குவானேன்னு பாலை வெச்சேன்."

"நான் போட்ட ரெட்டைத் தையல்?"

"இருபது வருஷமா உங்க தையலைப் பிரிச்சு, திருத்தித் தைச்சு அனுப்பறது யாருன்னு நெனச்சீங்க?"

தையல்காரர் கத்தரித்த உறையைத் தூக்கித் தையலைப் பார்த்தார். மச்சான் சிரித்தான். அதே போலீஸ்காரர் சிரிப்பு. கோழி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, துணிக்கூடையில் ஏறி உட்கார்ந்தது.

"என்னங்க, மூடியை மூடுங்க. சூடு போயிடும்."

மூடினார். இப்போது கூடையில் கோழி இருக்கிறது. வேளை தவறாமல் வெப்பமானியைப் பார்த்து, தயிருக்கு அவர் அடைகாக்கிறார்.