பேட்டரி பார்க்கும் சனிக்கிழமைகள்

அவசரப்பட்டு பேட்டரி வாங்கக் கூடாது என்று இன்பசேகரன் முடிவெடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. முடிவில் அவன் உறுதியாக இருந்தான்.

கார் பழையது. ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. இரண்டே இருக்கை. கொடைக்கானலில் ஒரு டாக்டர் வைத்திருந்தார். அதற்குள் குனிந்து இறங்க அவருடைய முழங்கால் மறுத்துவிட்டபோது இன்பசேகரன் வாங்கிக்கொண்டான். விளாங்குடியில் அவன் வீட்டு முன்னால் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு அது நின்றது. மிஷன் பள்ளி இயற்பியல் ஆசிரியருக்கு இப்படி ஒரு கார் எதற்கு என்று தெருவில் யாரும் நேரில் கேட்டதில்லை. பிப்ரவரியில் ஒரு காலை சாவியைத் திருப்பினான். 'டிக்' என்றது. அதோடு சரி.

அவனுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தம் அந்தச் சனிக்கிழமை வரை நீடித்தது.

சனிக்கிழமை என்றால் டி. கல்லுப்பட்டி. மனைவி எஸ்தரின் அம்மா சூசையம்மாள் அங்கே தனியாக இருக்கிறார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு மனு எழுதுகிறார். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், அடுத்த வீட்டிலிருந்து எட்டிப்பார்க்கும் முருங்கைக் கிளை. மாப்பிள்ளையின் கையெழுத்து அழகு என்பதால் அவர் சொல்லச் சொல்ல இன்பசேகரன் எழுத வேண்டும். மூன்று நகல். ஜெராக்ஸ் எடுத்தால் அதிகாரிகள் மதிக்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. எழுதி முடித்ததும் சிவப்பு மையால் திருத்துவார். பிறகு மறுபடியும் மூன்று நகல். நான்கு வருடமாக இது நடந்துவந்தது. முருங்கைக் கிளை அப்படியேதான் இருந்தது.

"இந்த வாரம் நீ பஸ்ல போயிட்டு வா எஸ்தர்," என்றான். "நான் பேட்டரி பாக்கணும்."

"அதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்? வாங்கி மாட்டிட்டே போவோம்."

"இது சாதாரண கார் இல்ல."

"சாதாரண பேட்டரி போட்டா ஓடாதா?"

"அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க."

எஸ்தர் கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஒரு கோப்பு எதனால் நகராது என்பதை இருபது வருடமாகப் பார்த்தவள். கணவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இன்பசேகரன் பைபாஸ் ரோட்டில் நல்லகாமனின் பேட்டரிக் கடைக்குப் போனான். மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. டீ வந்தது. பதினொரு மணிக்குப் பருப்பு வடை வந்தது. யாரும் எதையும் எழுதச் சொல்லவில்லை. பேட்டரி என்பது நிதானமாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய பொருள் என்று அவனுக்கு அங்கேதான் தோன்றியது.

அளவுகளைக் குறிக்க ஒரு நோட்டுப் போட்டான். அளவுகோலோடு வந்தான். அந்தக் காரில் பேட்டரி இருப்பது பின்னால், டிக்கியின் ஓரத்தில், ஒரு குறுகலான குழிக்குள்.

"இது நீளம் சரியா வரும் சார்," என்றார் நல்லகாமன்.

"ப்ளஸ் எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

"எனக்கு இடப்பக்கம் வேணும்."

"திருப்பி வச்சா இடப்பக்கம் வந்துரும்ல சார்?"

"திருப்பி வச்சா ரெண்டு முனையும் பின்னால போயிரும். வயர் எட்டாது."

"அப்ப வயர நீட்டிருவோம்."

"ஒரிஜினல் வயருங்க அது," என்றான் இன்பசேகரன். குரலில் ஒரு வேதனை இருந்தது. நல்லகாமன் இன்னொரு டீ சொன்னார்.

மார்ச் முழுக்க முனை. ஏப்ரலில் உயரம். மே மாதம், டிக்கிக்குள் இருக்கும் பேட்டரி என்பதால் வாயு வெளியே போக ஒரு சின்னக் குழாய் வேண்டும் என்று தெரியவந்தது. அந்தக் குழாய் ஜூலை வரை தாங்கியது.

சனிக்கிழமை சாயங்காலம் எஸ்தர் திரும்பி வருவாள். அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் வந்தவள் போல இருக்க மாட்டாள். தாய் வீட்டுக்குப் போய் வந்த தெம்பு என்று அவன் நினைத்துக்கொள்வான்.

"அம்மா உங்களக் கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"பேட்டரி பாக்குறாருன்னேன். இன்னைக்கு என்ன கோளாறு?"

"குளிர்ல ஸ்டார்ட் ஆகுற சக்தின்னு ஒண்ணு இருக்கு. மைனஸ் பதினெட்டு டிகிரியில வச்சு அளப்பாங்க. அது பத்தல."

"விளாங்குடிக்கு எப்ப வரும் மைனஸ் பதினெட்டு?"

"கொடைக்கானல் போனா?"

"கொடைக்கானல்லயே வராதுங்க."

"ஒரு பாதுகாப்புக்கு," என்றான்.

எஸ்தர் தலையாட்டினாள். அவள் அதற்கு மேல் கேட்காதது அவனுக்குப் பெருமையாக இருந்தது. அறிவியல் சொன்னால் இவள் அடங்கிவிடுகிறாள் என்று நல்லகாமனிடம்கூடச் சொன்னான்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தபோது தார்ப்பாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. டிக்கி திறந்திருந்தது. உள்ளேயிருந்து நல்லகாமனின் முதுகு மட்டும் தெரிந்தது. பக்கத்தில் எஸ்தர், கையில் அவனுடைய நோட்டு.

"இதுல இருந்தத வரிசையா போன்ல வாசிச்சேன்," என்றாள். "இருக்கு மேடம்னாரு."

"எல்லாமேவா?"

"இடப்பக்கம் ப்ளஸ்ஸு. குழாயி. மைனஸ் பதினெட்டு. எல்லாம்."

இன்பசேகரன் நல்லகாமனின் முதுகைப் பார்த்துக் கேட்டான். "எப்பங்க வந்துச்சு இது?"

"மார்ச்சுல வந்துச்சு சார். நீங்கதான் உள்ள வைங்க, பாப்போம்னீங்க." நல்லகாமன் நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டார். "ஏழு மாசத்துல சார் நம்ம கடையில எடுத்தது டீ மட்டும்தான் மேடம்."

எஸ்தர் சாவியை நீட்டினாள். திருப்பினான். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஒரு கணம் அவனுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

நல்லகாமன் போன பிறகு எஸ்தர் சொன்னாள். "நாளைக்கு நீங்க கல்லுப்பட்டிக்குப் போயிட்டு வந்துருங்க. மாப்ள முகத்தையே மறந்துட்டேன்னு அம்மா கோவிக்கிறாங்க. இந்த வாரம் யாரும் வரலைன்னா திங்கக்கிழமை பொட்டியோட இங்க வந்து ஒரு மாசம் இருக்கப் போறாங்களாம்."

"மனுவெல்லாம்?"

"அதையும் எடுத்துட்டுத்தான் வருவாங்க."

அவன் யோசித்தான். ஒரு சனிக்கிழமையா, முப்பது நாளா. "சரி, ரெண்டு பேருமாப் போவோம். அவங்க உன்கூடப் பேசிட்டு இருப்பாங்க."

"நான்தான் வாரா வாரம் போறேனே. எனக்கு சர்ச்சுல அன்பியக் கூட்டம் இருக்கு. நீங்க போங்க."

நியாயமாகத்தான் பட்டது. ஏழு மாதம் ஒருத்தியாக பஸ்ஸில் அல்லாடியிருக்கிறாள்.

மறுநாள் கார் நன்றாகவே ஓடியது. திருமங்கலத்தில் இரண்டு பேர் பைக்கை நிறுத்திவிட்டு போட்டோ எடுத்தார்கள். கல்லுப்பட்டிக்குள் நுழையும்வரை இன்பசேகரன் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவனாகவே இருந்தான்.

சூசையம்மாள் கேட்டைத் திறந்து வெளியே வந்தார். காரைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். காலியாக இருந்த இன்னொரு இருக்கையைப் பார்த்தார்.

"எஸ்தர் வரலையா மாப்ள?"

"அவதான் வாரா வாரம் வாராளே அத்தை. இந்த வாரம் நான் மட்டும் போயிட்டு வாரேன்னு கிளம்பிட்டேன்."

சூசையம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"யாரு வாரா?"

இன்பசேகரன் கார் கதவைச் சாத்தினான்.

"பிப்ரவரிக்குப் பெறகு அவ இந்த வாசப்படிய மிதிக்கல. சனிக்கிழமை விடிஞ்சா போன் மட்டும் வரும். அம்மா, அவரு பேட்டரி பாக்கப் போறாரு, தனியா விட்டா தப்பானத வாங்கிருவாரு, நானும் கூடப் போகணும்னு சொல்லுவா. இருபத்தெட்டு வாரம்." அவர் காரின் பின்பக்கம் போய் டிக்கியைத் தட்டிப் பார்த்தார். "நேத்துத்தான் கெடைச்சிருச்சுன்னா. ஏன் மாப்ள, ரெண்டு பேரு சேந்து ஏழு மாசம் தேடுற அளவுக்கா கஷ்டம்?"

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் எஸ்தர் சனிக்கிழமைகளில் எங்கே போனாள் என்ற பேச்சு வரும். அதன் பின்னாலேயே இவன் எங்கே போனான் என்ற பேச்சு வரும். மின்விசிறி, டீ, பருப்பு வடை.

"ஆமா அத்தை. ப்ளஸ் இடப்பக்கம் வரணும். அதுலதான் ரெண்டு பேரும் ரொம்ப அலைஞ்சுட்டோம்."

"நல்லவேளை, அவ கூட இருந்தா," என்றார் சூசையம்மாள்.

உள்ளே மேசை மேல் ஒரு காகிதக் கட்டு இருந்தது. இருபத்தெட்டு வாரத்துக் கட்டு. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. பேனா கொண்டாந்திருக்கீகளா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். கிளம்பும்போது எஸ்தர் செருகிவிட்டிருந்தாள். இரண்டு.