பின்னால் வந்தவனுக்குப் பின்னால் போன ஹாரன் அக்கா

காரைக்காலில் ஹாரன் அக்காவுக்கு ஒதுங்கி வழிவிடாத வண்டி ஒன்றுகூடக் கிடையாது. திருநள்ளாற்றின் சனிக்கிழமைக் கூட்டமே இரண்டாகப் பிளந்து அவருக்கு இடம் கொடுத்திருக்கிறது. அவர் ஓட்டியது ஷேர் ஆட்டோ. அதில் மாட்டியிருந்தது லாரி ஹாரன். கோட்டுச்சேரியில் அவர் அதை அமுக்கினால் கடற்கரையில் காயும் கருவாடு புரண்டு படுக்கும் என்று பேச்சு.

மாடு குறுக்கே வந்தாலும் அடிப்பார், வராமல் ஓரமாக நின்றாலும் அடிப்பார். நின்றதற்கு நன்றியாம். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர், பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று ஆரம்பித்தார். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. அந்த ஆள் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஹாரனை அமுக்கினார். அந்த மனுஷனால் அந்த வாக்கியத்தை இன்றுவரை முடிக்க முடியவில்லை.

நான் அப்போது காரைக்காலில் ஒரு ஸ்கேன் சென்டர் வரவேற்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நெல் விவசாயம் செய்யும் எங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். அப்பாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் போய்விட்டன. சம்மதித்த பிறகும், பஸ் வேண்டாம், ஹாரன் அக்கா ஆட்டோவில்தான் போய்வர வேண்டும் என்று நிபந்தனை.

சில மாதங்களில் ஒரு பைக் எங்கள் ஆட்டோவுக்குப் பின்னால் வர ஆரம்பித்தது. ஓட்டி வந்தவன் முதலில் சிரிக்க மட்டும் செய்தான். ஒருநாள் ஸ்கேன் சென்டருக்குள்ளேயே வந்து, என் மேஜைமேல் குனிந்து, எங்கள் தெருப் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னான். தன்னோடு பேசாமலே இருந்தால் இந்த முகத்தை வெளியில் காட்ட முடியாதபடி செய்துவிடுவேன் என்றான். குரலை உயர்த்தாமல், ஏதோ விலாசம் விசாரிப்பதுபோலச் சொன்னான்.

அன்றிலிருந்து பைக் சத்தம் எது கேட்டாலும் கை தானாக முகத்தை மூடிக்கொள்ளும். வீட்டில் சொல்லவும் பயம். சொன்னால் நிற்கப்போவது அவன் இல்லை, என் வேலை.

அக்கா கண்ணாடியில் கவனித்திருக்கிறார். ஒரு சாயங்காலம் மற்றவர்கள் இறங்கியதும் ஓரம்கட்டி, என்ன நடக்கிறது என்று கேட்டார். அழுதுகொண்டே சொன்னேன். பைக் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தது. அக்கா ஆட்டோவைத் திருப்பி, நேராக அவன் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி ஹாரனை அமுக்கினார்.

அவன் கிளம்பினான். நாங்களும் கிளம்பினோம். டீக்கடையில் நிறுத்தினான், பின்னால் நின்று அடித்தார். பெட்ரோல் பங்குக்குள் நுழைந்தான், அங்கேயும் அடித்தார். கடைவீதியே எட்டிப் பார்த்தது. உள்ளே நான் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போதும்க்கா, போதும்க்கா என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். எங்கே போவதென்று தெரியாமல் அவன் கடைசியில் திருநள்ளாறு பக்கம் இருந்த தன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தான்.

சத்தத்துக்கு அவன் அம்மா வெளியே வந்தார். கூடவே என் வயதில் அவன் தங்கை. அக்கா இறங்கி மிகப் பணிவாகச் சொன்னார்: "உங்க புள்ளை வீட்டுக்கு வழி தெரியாம தினம் இந்தப் பொண்ணு பின்னாடியே வந்துகிட்டு இருந்துச்சுங்க. அதான் பத்திரமா கொண்டாந்து விட்டுட்டுப் போறேன்."

பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தங்கை என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்ததும் பயம்தான்.

மறுநாள் காலை ஆட்டோவின் முன்கண்ணாடி உடைந்து கிடந்தது. விஷயம் அப்பா காதுக்குப் போனது. இனி வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றார். நான் கதவோரம் நின்றிருந்தேன். அப்போது கண்ணாடி இல்லாத ஆட்டோவிலேயே அக்கா வழக்கம்போல வாசலில் வந்து நின்றார். அப்பா அவரிடம், உனக்கு வேணும்னா பயம் இல்லாம இருக்கலாம்மா, எனக்கு இருக்கு என்றார்.

அக்கா ஆட்டோவை விட்டு இறங்கி வந்தார். "எனக்கு இல்லைன்னு யாரு சொன்னா அண்ணே? ராத்திரி பூரா தூங்கல. ஆனா தப்பு பண்ணுனவன் ரோட்டுல சுத்துறான். இந்தப் பொண்ணு ஏன் வீட்டுல உக்காரணும்?"

அப்பா உள்ளே போனார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறினார். மூன்று பேருமாகக் காவல் நிலையம் போய்ப் புகார் கொடுத்தோம். அங்கே எங்களுக்கு முன்பே இருவர் உட்கார்ந்திருந்தார்கள்: அவன் அம்மாவும் தங்கையும். கண்ணாடியை உடைத்தது அவன்தான், வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனான் என்று அந்தத் தங்கையே எழுதிக் கொடுத்தாள். அதன்பின் அந்த பைக்கை நான் பார்க்கவில்லை. வேலையையும் விடவில்லை.

இப்போது எனக்கு ஒரு மகள். காலேஜ் போகிறாள். காலையில் பேப்பரைப் பிரித்தால் ஏதாவது ஓர் ஊரில் ஏதாவது ஒரு பெண். அன்றைக்கு மகள் வீடு திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது. போகாதே என்ற சொல் தொண்டைவரை வரும். விழுங்கிக்கொண்டு அக்காவுக்குப் போன் போடுவேன்.

ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தாலும் எடுத்துவிடுவார். ஓட்டும்போது எடுக்காதீங்கக்கா என்று ஒருமுறை கடிந்துகொண்டேன். "நீ கூப்பிட்டா, எங்கயோ பயந்து போயி நிக்கிறியோன்னு தோணிடுது. அதான் ஓரங்கட்டிட்டு எடுத்துடுறேன்" என்றார்.

அன்றிலிருந்து அவர் எடுத்ததும் முதலில், ஒண்ணும் இல்லக்கா, சும்மாதான் என்று சொல்லிவிடுகிறேன்.