ஒரே பக்கமாகப் போகும் கார்

பரசுராமன் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். கார் இடப்பக்கம் திரும்பியது.

"ஏங்க, அடி அண்ணாமலை அந்தாண்ட இருக்குது. நீங்க இந்தாண்ட போறீங்களே!" என்றாள் மனைவி ராணியம்மாள்.

"நான் எங்கடி போறேன்? இதுதான் போவுது!"

மகள் எழிலரசிக்கு இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம். மண்டபம் அடி அண்ணாமலையில். வேங்கிக்கால் வீட்டிலிருந்து மலைக்கு வடக்காகப் போனால் கால் மணி நேரம். மண்டபத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பியவர்களை, கார் ஊருக்குள் இழுத்துக்கொண்டு போனது. கோயிலைத் தாண்டி, செங்கம் ரோட்டில் இறங்கி, மலையை முக்கால்வாசி சுற்றிவிட்டு மண்டப வாசலில் கொண்டுபோய் விட்டது. திரும்பும்போதும் வந்த வழியில் வரமாட்டேன் என்று, மிச்சம் இருந்த கால்வாசியையும் சுற்றித்தான் வீடு சேர்ந்தது. கிரிவலம் போகிறவர்கள் எந்தப் பக்கம் போவார்களோ அந்தப் பக்கம்தான் அதுவும் போகுமாம். மலை எப்போதும் அதற்கு வலது கைப் பக்கம் இருக்க வேண்டுமாம்.

இந்தத் தலைவலியை அவரே தேடிப்போய்த்தான் வாங்கிக்கொண்டு வந்தார். போன வருஷம் அவருடைய சகலை கலையரசன், தன் மகளைப் பழைய காலத்து வாடகைக் காரில் மண்டபத்தில் இறக்கினார். பந்தியில் உட்கார்ந்து, "உங்க பொண்ணு எதுல வரும் சகல? ஷேர் ஆட்டோவுலயா?" என்று வேறு கேட்டு வைத்தார். பரசுராமன் பாயசத்தைத் தள்ளி வைத்தார்.

"என் பொண்ணு இதைவிடப் பழைய கார்ல, சொந்தக் கார்ல வந்து எறங்குவா. இல்லன்னா மீசையை எடுத்துடறேன்!" என்று இலையிலிருந்து எழுந்து நின்று சத்தம் போட்டார்.

அப்புறம் ஊர் ஊராகக் காயலான் கடை ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு கடையின் பின்பக்கம், கொடி படர்ந்து, பாதி மண்ணில் புதைந்து கிடந்தது இந்தக் கறுப்பு கார். உருண்டை விளக்கு இரண்டும் அவரையே பார்ப்பதுபோல் இருந்ததாம். மனுஷர் அங்கேயே விழுந்துவிட்டார். அன்றிலிருந்து குளித்துவிட்டு வந்தால் துண்டால் முதலில் காரைத் துடைப்பார். பிறகுதான் தலையைத் துவட்டுவார்.

மெக்கானிக் அருள்ராஜ் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தான்.

"ஸ்டியரிங்ல ஒரு கோளாறும் இல்லீங்க சார். எதுக்கும் டைட் வெச்சிட்டேன்."

டைட் வைத்ததும் கார் இன்னும் ஒழுங்காகிவிட்டது. கிரிவலப் பாதையில் இருக்கிற எட்டு லிங்கத்துக்கு முன்னாலும் தானாக நின்றது. இன்ஜின் அணைந்து, இரண்டு நிமிஷம் கழித்துத் தானாகக் கிளம்பியது. எம லிங்கத்தில் மட்டும் ஐந்து நிமிஷம். பத்து நிமிஷ நடையில் இருக்கும் ஆபீசுக்குப் பரசுராமன் பதினாலு கிலோமீட்டர் சுற்றி, நெற்றி நிறைய விபூதியோடு பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்.

"இது கார் இல்லீங்க. உள்ளே எவரோ இருக்காரு. வேண்டுதலை முடிக்காம போய்ட்டாரோ இன்னாவோ," என்றாள் ராணியம்மாள். பூசாரி ஒருவரைக் கூட்டி வந்து பூசணிக்காய் சுற்றி உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள்.

உள்ளே இருந்தவருக்கு அது மரியாதையாகப் பட்டிருக்க வேண்டும். அதற்கப்புறம் நடக்க முடியாமல் யாராவது ரோட்டோரம் நின்றால், கார் பக்கத்தில் போய் நின்று பின்கதவைத் திறந்துவிட ஆரம்பித்தது. பௌர்ணமி அன்று பின்சீட்டில் ஐந்து பேர். அதில் ஒரு அம்மாள், "டிரைவர், அடுத்த லிங்கத்தாண்ட கொஞ்சம் ஜாஸ்தி நேரம் நிறுத்துப்பா," என்றாள். ஆபீசில் இருபத்தாறு வருஷம் சர்வீஸ் போட்ட தலைமை எழுத்தர் பரசுராமன், "சரிங்கம்மா," என்றார். வேறென்ன சொல்வது?

எல்லோரையும் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு திரும்பிப் பார்த்தார். பின்சீட்டின் வலது ஓரம் மட்டும், ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் அமுங்கியே இருந்தது. தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

மறுநாள் காரை ஏமாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. முகத்தைக் கோயில் பக்கம் வைத்தபடியே ரிவர்ஸில் அடி அண்ணாமலைக்குப் போய்விட்டால்?

பத்தடி போனார். கார் நின்றது. தலைக்கு மேலிருந்த கண்ணாடி, யாரும் தொடாமலே, மெள்ளத் திரும்பி அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றது. கண்ணாடியில் அவர் முகம் தெரியவில்லை, காலி சீட்டுதான் தெரிந்தது.

"இன்னா சார், கிரிவலத்தையே ரிவர்ஸ்ல போறீங்க?" என்று ஓடி வந்தார் போக்குவரத்துக் காவலர். அவரைப் பார்த்தது பரசுராமனுக்குச் சாமியைப் பார்த்த மாதிரி இருந்தது.

"அப்பா, எனக்கு ஆட்டோவே போதும்பா," என்றாள் எழிலரசி. "ஞாயித்துக்கெழம பொண்ணழைப்பு. நாலரைக்கு ராகு காலம் வந்துடும். அதுக்குள்ள மண்டபத்துல காலு வெக்கணும். இதை நம்பிப் போய் நடுவுல நின்னுட்டா அவங்க வீட்ல இன்னா நெனப்பாங்க?"

மகளின் கண் கலங்கியதைப் பார்த்தார் பரசுராமன். மீசை போனால் முளைக்கும், பெண்ணின் வாழ்க்கை அப்படியா? ஆனாலும் காரை விட மனசு வரவில்லை. புதன்கிழமை அருள்ராஜிடம் கொண்டுபோய் விட்டார்.

"என்னமோ பண்ணு. ஞாயித்துக்கெழம மதியம் எனக்குக் கார் வேணும்."

"கவலையே படாதீங்க சார். இந்தத் தடவை அடிமடியிலயே கை வெச்சிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்குப் போனால் ஷெட் பூட்டிக் கிடந்தது. போன் அடித்தால் சுவிட்ச் ஆஃப். ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த நாளுக்கு முதல் நாள், ஒரு ஆட்டோவும் நிற்கவில்லை. அப்போதுதான் வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போர்த்தி நின்ற காரைப் பார்த்தார். தார்ப்பாயை இழுத்தால், பளபளவென்று கழுவி, சாவியைக்கூட அதிலேயே விட்டிருந்தான் அருள்ராஜ்.

உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கும்பிட்டார்.

"ஐயா, நீங்க யாரா இருந்தாலும் சரி. உங்க வழியிலயே போங்க. நான் குறுக்கே நிக்கல. எம் பொண்ணை மட்டும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க."

சாவியைத் திருப்பினார். கார் நகர்ந்தது. என்ன ஒரு நகர்வு! ஒரு உறுமல் இல்லை, ஒரு உதறல் இல்லை. அருள்ராஜின் கைக்குத் தங்கக் காப்பு போடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு மகளும் மனைவியும் ஏறினார்கள். கார் வழக்கம்போல இடப்பக்கமே திரும்பியது. ஆனால் எந்த லிங்கத்திலும் நிற்கவில்லை. ஹாரன் அடிக்காமலே கூட்டம் விலகியது. மலை வலப்பக்கத்தில் கூடவே வந்தது.

"அப்பா, ஏசி வெச்சிட்டீங்களா? ஜில்லுனு இருக்குது," என்றாள் எழிலரசி. இப்போது அவள் முகத்தில் சிரிப்பு.

"சத்தமே கேக்கல பாருங்க," என்றாள் ராணியம்மாள். "அருள்ராஜு கை ராசியான கைதாங்க."

நாலு இருபதுக்குக் கார் மண்டப வாசலில் போய் நின்றது. பின்கதவு தானாகத் திறந்தது. நாதஸ்வரம் முழங்க, எழிலரசி வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். பரசுராமனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கலையரசன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சகல, எலக்ட்ரிக்கா மாத்திட்டீங்களா? வந்து நின்னதே தெரியலயே!"

பரசுராமன் மீசையைத் தடவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அருள்ராஜ்.

"டேய், நீ நல்லா இருக்கணும்டா!" என்று ஆரம்பித்தார்.

"சார், திட்டாதீங்க சார், போன்ல சார்ஜ் இல்ல. உங்க கார் இன்ஜினைக் கழட்டி எடுத்துக்கினு புதன்கெழமலருந்து வேலூர் லேத்துப் பட்டறையிலயேதான் உக்காந்திருக்கேன். நாளைக்குக் காத்தால கொண்டாந்து மாட்டிடறேன், இன்னைக்கு மட்டும் பாப்பாவை எப்படியாச்சும் ஆட்டோவுல அனுப்பிடுங்க சார்!"