பொன்னாடையில் முடிந்த புலனாய்வு

செல்வியை யாராலும் விலைக்கு வாங்க முடியாது என்று எங்கள் குடும்பத்தார் அந்நாட்களில் உறுதியாக நம்பிவந்தார்கள். நம்பிக்கை சரியானதே. என்னை வாங்குவதற்கு அதுவரை எவரும் விலை கேட்டதில்லை என்பதை மட்டும் அவர்கள் அறிந்திருக்கவில்லை.

2010-ஆம் ஆண்டு. கடலூரிலும் சிதம்பரத்திலும் திடீரென்று கணினி நிறுவனங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரின் மாடியில் இன்னோர் அறை எழுப்பினால் அது 'சொல்யூஷன்ஸ்'. அந்த அறைக்கு ஏ.சி. பொருத்தினால் 'குளோபல் சொல்யூஷன்ஸ்'. உரிமையாளர்கள் அனைவரும் சி.இ.ஓ.க்கள். (ஊழியர் எவரேனும் இருந்தால் அது கூடுதல் சிறப்பு.) விளம்பரத்தை வாங்கிக்கொண்டு இவர்களைப் பத்திரிகைகள் புகழ்வதைக் காணச் சகியாமல், 'சாவித்துவாரம்' என்ற நான்கு பக்க மாத இதழை நான் தொடங்கினேன். விளம்பரம் கிடையாது, வாசகர்கள் மாதந்தோறும் தரும் காசில் நடப்பது. நிறுவனங்களின் தேநீரைக்கூடத் தொடுவதில்லை என்று முதல் பக்கத்தின் தலையில் அச்சிட்டிருந்தேன். அந்த வரியின் எழுத்து, இதழின் பெயரைவிடச் சற்றே பெரியது.

வாசகர்கள் நாற்பத்து மூன்று பேர். அவர்களில் பன்னிரண்டு பேர் தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் பெண்கள். அந்தப் பன்னிருவரில் ஒருவரான என் பாக்கியம் சித்திதான் மற்றவர்களைச் சேர்த்துவிட்டவர். கணினியை அவர்களில் யாரும் தொட்டதில்லை. "நம்ம பொண்ணு எழுதுது, குடுங்கடி" என்றார் சித்தி, கொடுத்தார்கள்.

அவ்வாண்டு சிதம்பரம் கீழ வீதியில் ஒரு நிறுவனம் திறப்பதாக இருந்தது. எந்தத் துறைமுகத்தில் மீன் என்ன விலைக்குப் போகிறது என்று தினமும் செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவார்களாம். ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். சித்தியின் மகளிர் குழு, தன் சேமிப்பை எடுத்துப் பன்னிரண்டு பேருக்கும் கட்டலாமா என்று யோசித்தது.

"நீ போய்ப் பாத்துட்டு வா பாப்பா. நல்லாருக்குன்னு நீ சொன்னா கட்றோம், வேணான்னா வுட்டுர்றோம். அவ்ளோதான்" என்றார் சித்தி.

திறப்பு விழாவுக்கு முந்தைய வாரமே அந்நிறுவனத்துக்குப் போன் செய்து, அலுவலகம் தினமும் காலை பத்து மணிக்குத்தான் திறக்கும் என்று அறிந்துகொண்டேன். துறைமுகத்தில் ஏலம் விடியற்காலை ஐந்துக்கு. விலைச் செய்தி வந்து சேரும் வேளையில் கூடையில் செதில்தான் மிஞ்சியிருக்கும். இதை அன்றே சித்தியிடம் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த இளம் சி.இ.ஓ.வை எல்லோர் முன்னிலையிலும் இக்கேள்வியால் மடக்கி, அவர் விழித்த விழியை வருணித்து முதல் பக்கத்தில் வெளியிட எண்ணியிருந்தேன். செய்தி அதற்குள் கசிந்துவிடக் கூடாது. (எனக்குப் போட்டியாக இருந்த பத்திரிகைகளின் எண்ணிக்கை சுழியம்.)

விழா வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். குத்துவிளக்கு ஏற்றவேண்டிய கல்லூரி முதல்வர் பத்து இருபதாகியும் புவனகிரியைத் தாண்டவில்லை. நான் முதல் வரிசையில் குறிப்பேட்டுடன், கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தேன். சி.இ.ஓ.வின் தாயார், எரியும் மெழுகுவத்தியோடு கூட்டத்தை ஒருமுறை அளந்துவிட்டு, நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"கழுத்துல தாலி இருக்குல்ல? எழுந்து வாம்மா."

"இல்லைங்கம்மா, நான் பத்திரிகையிலேர்ந்து வந்திருக்கேன்..."

"வந்தா என்ன? வெளக்கு ஏத்தத் தெரியாதா? இன்னும் ஆறு நிமிஷந்தாம்மா இருக்கு. புள்ள பொழப்பு!"

பத்திரிகை அறம் குறித்து நான் படித்திருந்த நூல்கள் எவற்றிலும், மெழுகு உருகிக் கையில் சொட்டச் சொட்ட நிற்கும் ஒரு தாய்க்கு என்ன மறுமொழி கூறுவது என்று எழுதியிருக்கவில்லை. ஏற்றினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, ஐந்து முகங்களையும்.

விளக்கேற்றியவருக்குப் பொன்னாடை போர்த்தாமல் அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை. முதல்வருக்கென்று வாங்கியிருந்த சரிகைச் சால்வை என் தோளில் விழுந்தது. சால்வை விழுந்தால் கைக்கு மைக் வரும். "ரெண்டு வார்த்த பேசுங்க மேடம்" என்றார் சி.இ.ஓ. அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்பதற்காகத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் தோளில் சரிகையும் கையில் மைக்கும் வாய்த்த தமிழரின் வாயிலிருந்து வாழ்த்துரை ஒன்றைத் தவிர வேறெதுவும் வராது. இந்நிறுவனம் மென்மேலும் வளர வேண்டும் என்றேன். மீனவப் பெண்களின் வாழ்வில் இது ஒரு புதிய விடியல் என்றேன். ஏழு நிமிடம் பேசினேன். நடுவே ஒரு செய்யுள் வேறு.

கைதட்டலில் நான்காவது வரிசையின் ஒலி மட்டும் தனித்துக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். பாக்கியம் சித்தி, பக்கத்தில் அஞ்சலை அக்கா, அப்புறம் மீதிப் பத்துப் பேர். நான் கேள்வி கேட்கும் அழகைக் காண, எனக்குச் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருந்தார்கள்.

நான் இறங்கி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, சால்வை தடுக்கத் தடுக்க அவர்களிடம் போய்ச் சேர்வதற்குள் பின்பக்க மேசையில் பன்னிரண்டு ரசீதுகளும் போட்டாகிவிட்டது.

"சித்தி, அது சும்மா மேடைக்காகச் சொன்னது..."

"மைக்குல சொல்றது சும்மாவா? அப்ப நாங்க இன்னாத்த கேட்டுகினு கைய தட்டுனோம்?"

பத்து மணி விவரத்தைச் சொன்னேன். அஞ்சலை அக்காதான் முதலில் சிரித்தார். "பத்து மணிக்கு மீன் வெல சொல்லுவானா? அப்ப நான் வூட்ல ஒலைய வச்சிட்டு இருப்பனே!"

சித்தி சிரிக்கவில்லை. "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"போன வாரம்."

"போன வாரந்தான நம்ம வூட்டுக்கு வந்து வஞ்சிரம் தின்னுட்டுப் போன?"

என் ஆயுளில் என்னிடம் கேட்கப்பட்ட சிறந்த பத்திரிகைக் கேள்வி அது. நானும் சரியாகத்தான் விழித்தேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். தாயார் மேசையின் இழுப்பறையைச் சாத்திக்கொண்டார். "தொறந்த அன்னிக்கே கல்லாவுலேர்ந்து காசு வெளிய போவக் கூடாதும்மா. அதுவும் ராகுகாலத்துல! வெளக்கு ஏத்துன பொண்ணு நீயே கேக்கலாமா?" அதன்பின் பல முறை அலைந்தும் கிடைக்கவில்லை. நான்கு மாதம், நாள் தவறாமல் காலை பத்தரைக்கு, விற்றுத் தீர்ந்த மீன்களின் விலை வந்துகொண்டிருந்தது. அப்புறம் நிறுவனமே நின்றுபோயிற்று.

நடந்ததை அடுத்த இதழில் ஒன்று விடாமல் எழுதினேன். நான் புகழ்ந்ததற்காகச் சில வாசகர்கள் விலகினார்கள். அதை ஒப்புக்கொண்டதற்காக வேறு சிலர். வீட்டிலோ, சாம்பார் நன்றாயிருக்கிறது என்றாலும் சரி, மாப்பிள்ளை நல்ல பையன் என்றாலும் சரி, இன்றுவரை எனக்கு ஒரே கேள்விதான்: "சால்வ போத்திகினு சொல்றியா, போத்தாம சொல்றியா?"

'சாவித்துவாரம்' 2012-இல் நின்றது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சித்தி விதித்த நிபந்தனை மட்டும் நிற்கவில்லை: எதை எழுதினாலும் அச்சுக்குப் போகுமுன் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நாற்பத்து மூன்று பேரில் இப்போது கேட்பதற்கு அவர் ஒருவர் இருக்கிறார்.