அஞ்சாவது ஆள்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு தடவைதான் வேகமாக ஓடியிருக்கிறேன். அந்த ஓட்டத்தை முழுசாகப் பார்த்தவரும் ஒரே ஒருவர்தான். படுத்திருந்தவர், எழுந்து உட்கார்ந்து பார்த்தார். அவர் எந்த இடத்தில் படுத்திருந்தார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நான் பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தய அணியில் இருந்தேன் என்று சொன்னால் இப்போது என் தொப்பையைப் பார்க்கிறவர்கள் நம்புவதில்லை. (அப்போது என் காலைப் பார்த்தவர்களும் நம்பவில்லை.) புதுச்சேரியில் கொடி மாறி மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த நேரம். கொடிதான் மாறியதே தவிர, எங்கள் டிரில் மாஸ்டரின் வாய் மாறவில்லை. சைகோனில் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த மனிதர். நாங்கள் 'முசே' என்று கூப்பிடுவோம். பேசுவது தமிழில், விரட்டுவது பிரெஞ்சில். "அலே! வித், வித்!" என்று அவர் கத்தினால் போ, சீக்கிரம் என்று அர்த்தம். அர்த்தம் தெரியாத நாய்கள்கூட ஓடும்.

மைதானத்தைச் சுற்றி ஓடுவதெல்லாம் குழந்தை விளையாட்டு என்பது முசேயின் கட்சி. ஊரைத் தாண்டி மணலிலும் மேட்டிலும் தோப்பிலும் மைல் கணக்கில் ஓடுகிற பந்தயம்தான் அவருக்கு உயிர். அதை 'குரோஸ்' என்பார். என் காதில் அது குரோதம் என்றே விழுந்தது. ஒரு அணிக்கு ஐந்து பேர். ஐந்து பேர் வந்த இடங்களையும் கூட்டிப் பார்ப்பார்கள்; கூட்டல் குறைந்த அணிக்கு ஜெயம். ஐவரில் ஒருவன் வந்து சேரவில்லை என்றாலும் அந்த அணியே கணக்கில் கிடையாது.

எங்கள் பள்ளியில் ஓடத் தெரிந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் முதல்வன், அணியின் தலைவன், பிள்ளைச்சாவடி மீனவர் வீட்டுப் பையன் அஞ்சாப்புலி. ஈர மணலில் வலை இழுத்து வளர்ந்த கால் அவனுக்கு. ஐந்தாவதுக்கு ஆள் கிடைக்காமல் முசே திண்டாடிய சமயத்தில், ஒரு நாள் நான் மணி அடித்த பிறகு வந்து, வாசலிலிருந்து வகுப்பு வரைக்கும் ஓடினேன். அதை அவர் பார்த்துவிட்டார். அத்தோடு என் ஜாதகம் முடிந்தது. அவன் அஞ்சாத புலி. நான் அஞ்சாவது ஆள்.

அந்த வருஷம் மூன்று பந்தயங்கள். ஜெயிக்கிற அணி ரயிலேறி மெட்ராஸுக்குப் போய் அங்கே ஓடலாம். அஞ்சாப்புலி அதுவரை ரயிலில் ஏறியதில்லை. ஆனால் மெட்ராஸ் போகப் போவதாகப் பிள்ளைச்சாவடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். கரையில் அவனைப் பார்க்கிற பெரிசுகளெல்லாம், "இன்னாடா புலி, ரயிலு எப்ப?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்களுக்குப் போட்டி என்று சொன்னால் ஒரே ஒரு பள்ளிதான். முதல் நான்கு பேர் இரண்டு பக்கமும் சரிக்குச் சமம். கடைசியில் அவர்களுடைய ஐந்தாவது ஆளும் நானும் எல்லாருக்கும் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்போம். அவன் பெயர் கலியபெருமாள். என்னைப் போலவே விதி பிடித்து இழுத்துவந்த பையன். முதல் பந்தயத்தில் அவன் என்னை முந்தினான், அவர்கள் ஜெயித்தார்கள். இரண்டாவதில் அவனுக்குத் தொடையில் பிடித்துக்கொண்டது, நாங்கள் ஜெயித்தோம். ஆக, மெட்ராஸ் ரயில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்பது எங்கள் இரண்டு சோம்பேறிகளின் காலில் வந்து நின்றது.

கடைசிப் பந்தயத்துக்கு முந்தின நாள் முசே வழியைச் சொன்னார். ஊருக்கு வடக்கே போய், பிள்ளைச்சாவடியைத் தொட்டு, கடற்கரையோடு திரும்ப வேண்டும். சுண்ணாம்புக் கோடு பனியில் கரைந்துவிடுமாம். அதனால் வழியெல்லாம் 'பப்பியே', அதாவது கிழித்த காகிதம், தூவி வைப்பதாக ஏற்பாடு. (கொடி மாறியதும் செல்லாமல் போன பழைய பிரெஞ்சுப் பரீட்சைத் தாள்கள். அதிலே தோற்றவன் அதன்மேலேயே மிதித்து ஓடலாம் என்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.)

"கோதண்டம், நீ யோசிக்காதே," என்றார் முசே. "நீ யோசிச்சா கெட்டுப்பூடுவ. வெள்ளையா எது கெடக்குதோ அதைப் பார்த்து ஓடு. புரியுதா?"

"புரியுது முசே."

அஞ்சாப்புலி என்னைத் தனியாக அழைத்துப் போனான். "டேய், கருவடிக்குப்பம் பக்கம் சுடுகாடு இருக்குது. அதுக்குக் கிட்டத்தான் நம்ம வழி போவுது. பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பாத. மூணு தடவ கூப்பிட்டாத்தான் மனுசன். அதுங்களுக்கு ரெண்டு தடவதான் கூப்பிட வரும்."

"ஏன்டா இதையெல்லாம் இப்ப சொல்ற?"

"வேகமா ஓடுவன்னுதான்," என்று சிரித்தான். பிறகு சிரிக்காமல், "வந்து சேந்துடுடா. நடந்தாவது வந்துடு," என்றான்.

தை மாதத்துப் பனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று விடிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. நீட்டிய கை மணிக்கட்டோடு முடிந்துபோயிருந்தது. முசே, "அலே!" என்று கத்தியதும் எல்லாரும் ஓடினார்கள். கொஞ்ச தூரத்தில் முன்னால் போனவர்களின் காலடிச் சத்தமும் பனியில் கரைந்துவிட்டது. பிறகு நானும் என் மூச்சும்தான். கலியபெருமாள் பின்னால் எங்கேயோ இருக்கிறான் என்பது ஒரு சந்தோஷம். அவனை முந்திவிட்டேன்! ரயிலில் ஜன்னலோரம் யாருக்கு என்பதுவரை யோசித்துக்கொண்டு ஓடினேன். (யோசிக்காதே என்றுதான் சொல்லியிருந்தார்.)

சவுக்குத் தோப்பருகே பாதை இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. கடற்காற்று காகிதத்தையெல்லாம் தோப்புக்குள் அள்ளிப் போயிருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். இடப்பக்கம் வெள்ளை வெள்ளையாய்ச் சிதறிக் கிடந்தது. வெள்ளையா எது கெடக்குதோ! திரும்பினேன்.

கொஞ்ச தூரம் போனதும் வெள்ளைக்கு நடுவே மஞ்சளாகச் சாமந்தி இதழ்கள். கடைசிப் பந்தயம் அல்லவா, முசே பூப்போட்டு வைத்திருக்கிறார், பெரிய மனது என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்ச தூரத்தில் உடைந்த மண்பானை. ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள், எந்தத் தடியனோ இடறிவிட்டுப் போயிருக்கிறான். அப்புறம் புகை வாசனை. காபி! காபி போடுகிறார்கள் என்றால் எல்லை வந்துவிட்டது என்றல்லவா அர்த்தம்? இவ்வளவு சீக்கிரம் எப்படி வரும் என்று கேட்கிற புத்தி எனக்கு இல்லை.

ஆனால் காபி வாசனையில் கொஞ்சம் எண்ணெய் கருகிய நெடி கலந்திருந்தது. காக்கை கத்தவில்லை. கடல் சத்தம் பிள்ளைச்சாவடிப் பக்கம் கேட்க வேண்டுமே, அதுவும் இல்லை. பனி மட்டும் இலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. முதல் தடவையாக ஒரு சந்தேகம் வந்தது. குனிந்து ஒரு துண்டைக் கையில் எடுத்தேன்.

காகிதம் இல்லை. உப்பலாக, லேசாக, பனியில் நமுத்துப்போய் இருந்தது. பொரி.

பொரியும் பூவும் தூவிக்கொண்டு எந்த ஊர்வலம் எங்கே போகும் என்று தமிழனாய்ப் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முந்தின சாயங்காலம் யாரோ ஒரு புண்ணியவான் போன பாதையில், அவருக்குப் போட்ட அடையாளத்தை வைத்துக்கொண்டு, அவர் போய்ச் சேர்ந்த இடத்துக்கே நான் சரியாக வந்து சேர்ந்திருந்தேன்.

அப்போதுதான் பின்னால் குரல் கேட்டது.

"…தண்டம்…"

நின்றேன். பின்னால் ஏதோ காலடி. அதுவும் நின்றது. இரண்டடி வைத்தேன். அதுவும் இரண்டடி வைத்தது.

"…தண்டம்…"

பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் என்னைப் பற்றி எல்லாரும் சொல்கிற அதே வார்த்தை. செத்தவர்கள் வரைக்கும் என் பெருமை பரவியிருக்கிறது! மூன்றாவது தடவை கூப்பிடட்டும் என்று காது கொடுத்து நின்றேன். கூப்பிடவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. ரெண்டு தடவதான் கூப்பிட வரும்.

முன்னால் தணலின் சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி போர்த்தி நீளமாக ஒன்று கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது எழுந்து உட்கார்ந்தது. துணி முகத்திலிருந்து வழிந்தது. கொட்டாவி விட்டது. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டது:

"யாரு தம்பி? முன்னால சொல்ல வந்தியா? பாடி பின்னால வருதா?"

சுடுகாட்டைப் பார்த்துக்கொள்கிற ஆள் இரவு அங்கேயே கணகணப்புக்குப் படுத்திருந்தார், காலங்காத்தாலே வேலை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கேட்டார். இவ்வளவும் இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு நான் செய்த தப்பு, அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளத் திரும்பிப் பார்த்ததுதான்.

வந்துகொண்டிருந்தது.

பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. நெற்றி நிறைய விபூதி. தலையிலிருந்து தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியால் இறுக்கிய நாடிக்கட்டு. காதில் பஞ்சு. கண் பிதுங்கி, இரண்டு கையையும் என்னை நோக்கி நீட்டிக்கொண்டு ஓடி வந்தது.

"வருது!" என்று அலறினேன். பெரியவர் கேட்டதற்கு அதைவிடத் துல்லியமான பதிலை யாரும் சொல்லியிருக்க முடியாது.

அப்போது ஓடினேன் பாருங்கள், அதுதான் அந்த ஒரே ஓட்டம். முள்வேலியைத் தாண்டினேனா, அது விலகியதா தெரியாது. பின்னால் அதுவும் அலறிக்கொண்டே துரத்தியது. அதற்கும் பின்னால், "டேய், நில்லுங்கடா! யாரு வூட்டுப் புள்ளைங்கடா நீங்க?" என்று பெரியவரின் குரல் தேய்ந்துகொண்டே போனது. முசே மட்டும் கையில் கடிகாரத்தோடு அங்கே இருந்திருந்தால் மெட்ராஸ் என்ன, பாரீசுக்கே அனுப்பியிருப்பார்.

உழவர்கரை எல்லையில் ஒரு மல்லாட்டைக் கொல்லைக்குள் தலைகுப்புற விழுந்தேன். நிலக்கடலைச் செடிக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். தொப்பென்று என் பக்கத்தில் அது விழுந்தது. என் கையைப் பிடித்தது. கை சூடாக இருந்தது. நாடிக்கட்டை அவிழ்த்துவிட்டு அது பேசியது.

"கோதண்டம்… அந்தப் பொணம்… எழுந்து உக்காந்துச்சே… பாத்தியா?"

கலியபெருமாள்! பனி காதில் இறங்கிவிடும் என்று அவன் அம்மா பஞ்சு வைத்து, தாடையோடு துண்டைக் கட்டி, விபூதி பூசி அனுப்பியிருந்தாள். கட்டின வாயோடு கூப்பிட்டதில் என் பெயரில் பாதிதான் வெளியே வந்திருக்கிறது.

"நீ எதுக்குடா என் பின்னால வந்த?"

"நீ போனியேன்னு வந்தேன். வழி தெரிஞ்சவன் மாதிரி போனியே!"

கொல்லைக்காரப் பெண் கையில் களைக்கொட்டோடு வந்து நின்றாள். "யாருடா நீங்க? மல்லாட்டை புடுங்கவா வந்தீங்க?"

"இல்லக்கா, ரேஸு ஓடறோம்," என்றேன்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். "ரெண்டே பேரா? யாரு ஜெயிச்சது?"

கலியபெருமாள் நேர்மையானவன். "இவன்தான்க்கா முன்னால வந்தான்," என்றான்.

நாங்கள் இருவரும் ஊர் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. இரண்டு அணிக்கும் ஐந்தாவது ஆள் இல்லை. எப்போதும் மூன்றாவதாக வருகிற பள்ளிக்கூடத்துப் பையன்கள் என்ன நடந்தது என்று புரியாமலே கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முசே என் கதையைக் கேட்டார். "மோந்தியே!" என்று கடவுளைக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டவர், அப்புறம் எனக்கு எதிரே யோசிக்காதே என்ற வார்த்தையை எடுத்ததே இல்லை.

அஞ்சாப்புலி முதலாவதாக வந்திருந்தான். அவனுக்குக் கொடுத்த இளநீர் குடிக்காமல் பக்கத்தில் இருந்தது. நான் வருகிற வரையில் தொடமாட்டேன் என்றிருக்கிறான். என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உசுரோட வந்துட்ட இல்ல?" என்றான். இளநீரை என் கையில் கொடுத்தான். பிறகு கரைப்பக்கம் திரும்பி நடந்தான். பிள்ளைச்சாவடியில் அன்று எத்தனை பெரிசுகள் 'ரயிலு எப்ப' என்று கேட்டார்களோ, அவன் சொன்னதில்லை. பேய்க்குப் பயந்ததைவிட அந்த முதுகைப் பார்த்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பல வருஷம் கழித்து கலியபெருமாளின் தங்கையை நான் கட்டிக்கொண்டேன். (அந்தக் குடும்பத்தில் ஒருவரையாவது சரியான வழியில் கூட்டிப்போக எனக்கு ஆசை.) கல்யாணத்தன்று வாசலிலிருந்து மணவறை வரைக்கும் யாரோ காகிதத்தைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். பார்த்தால் அஞ்சாப்புலி. "மாப்ள வழி தவறி அங்க போயிட்டாருன்னா?" என்று சபையில் உரக்கச் சொன்னான். பிற்பாடு எங்கள் வீட்டில் கார்த்திகைக்குப் பொரி வாங்கினால், என் பிள்ளைகள் அதைக் கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும் போட்டுவைத்து, "அப்பா, சாப்பாடு ரெடி, வழி போட்டாச்சு," என்று கூப்பிடுவார்கள். மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் போவேன்.

அஞ்சாப்புலி இப்போது சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கிறான். மெட்ராசுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறான், பஸ்ஸில்தான். ரயிலேற மாட்டேன் என்று ஒரு பிடிவாதம். போன மாதம் எனக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பழைய அணியின் மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தான். கட்டிலின் நான்கு மூலைக்கும் நான்கு பேராக நின்றார்கள். எனக்கு அந்தக் காட்சி அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அஞ்சாப்புலி குனிந்து என் காதில் சொன்னான்.

"பயப்படாதடா. தூக்கறதுக்கு நாங்க நாலு பேரு இருக்கோம். அஞ்சாவது ஆளா நீ வந்தாப் போதும். இந்தத் தடவ வழி தப்பாது."