சேதாரமே இல்லாத கார்

படித்தவன் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டு ஆராய்ச்சி செய்தால் என்ன ஆகும் என்பதற்கு, எங்கள் வீட்டில் என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

அப்போது வேதியியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். காரின் புகைக்குழாயில் நச்சுப்புகையை மட்டுப்படுத்த ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் பிளாட்டினம் பூசியிருப்பார்கள். வண்டி ஓட ஓட அது துளித்துளியாகத் தேய்ந்து புகையோடு போய்விடும். எவ்வளவு போகிறது என்று அளப்பதுதான் என் வேலை. ஐந்து கார்களின் குழாயில் வடிகட்டி மாட்டி, ஒரு மாதம் கழித்து எடுத்துச் சோதிக்க வேண்டும். முடிவைச் சொல்லும் கருத்தரங்கில் சறுக்கினால் பதிவே ரத்து.

ஐந்தாவது கார் இலுப்பூர் சித்தப்பாவுடையது. துபாயிலிருந்து திரும்பியதும் ஆசையாக வாங்கியது. அவருக்குப் புரியட்டுமே என்று (என் வாய் சும்மா இருந்திருக்கலாம்) நகைக்கடை பாஷையில் விளக்கினேன்.

"தங்கம் மாதிரி ஒசத்தி உலோகம் சித்தப்பா. ஓட ஓடச் சேதாரம்."

சித்தப்பா வெகுநேரம் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதம் குடுமியான்மலையில் ஒரு கல்யாணம். குடும்பமே குட்டியானையில் (சரக்கு வண்டிதான்) போனது. சித்தி பட்டுப்புடவையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கார் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது ஒன் ஆராய்ச்சியில இருக்குப்பா" என்றார் சித்தப்பா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் அதே சரக்கு வண்டியில் குலுங்கிக்கொண்டுதான் போனேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மாதக் கடைசியில் நாலு வடிகட்டிகள் அடுப்புக்கரியாக வந்தன. சித்தப்பாவுடையது மட்டும் மல்லிகைப்பூ. சோதித்தால் இழப்பு பூஜ்யம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதமாக ஓட்டினால் பிளாட்டினம் தேயாது என்று பன்னிரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். கருத்தரங்கில் பெரிய தலைகளெல்லாம் ஆடின. வெளிநாட்டு மாநாட்டுக்கே அனுப்பலாம் என்றார் ஒருவர். என் வழிகாட்டிப் பேராசிரியை மட்டும், அந்த வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்டார்.

அதைக் குறிக்க மறந்திருந்தேன். அதனால் என்ன, எல்லோரும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டே சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

"நாலு கிலோமீட்டருப்பா. அதுவும் வடிகட்டிய மாட்டிட்டு நீ ஓட்டிப் பாத்தது. ஓட ஓடச் சேதாரம்னு நீதான சொன்ன? அதுக்கப்பறம் நான் சாவியவே தொடல."

அந்த அறையில் என்னைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். போனால் போகிறதென்று பதிவை விட்டுவைத்து, முதலிலிருந்து அளக்கச் சொன்னார்கள். ஒரு வருஷம் போயிற்று.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காவிட்டால், "விடுங்க, எந்திரிச்சா சேதாரமாயிரும்" என்கிறாள் என் மனைவி. சித்தப்பா அந்தக் காரைப் பிறகு விராலிமலைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். ஆர்.சி. புத்தகத்தோடு என் பன்னிரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.